பொட்டலமும் மாஸ்டரின் வலது காலும்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறேன். பிறகு கேட்டால் மாற்றிச் சொல்லிவிடுவேன். ஒரு காலையில் பால் வாங்கப் போகும்போது, தெருவோரத்தில் ஒரு மனிதர் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தபடி நின்றிருந்தார். மறுமுனையில் ஒரு நாய்க்குட்டி உட்கார்ந்திருந்தது. நான் பால் வாங்கித் திரும்பியபோதும் இருவரும் அப்படியே இருந்தார்கள். யார் யாரைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள் என்று தெரியவில்லை. அவரிடமே கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் காரணம் கிடைத்திருக்கும், கதை கையைவிட்டுப் போயிருக்கும். ஆகவே வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். பால் திரிந்துபோனது தனிக்கதை.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"என் கழுத்தில் ஏதோ ஏறி உட்கார்ந்திருக்கிறது. நான் அதைப் பார்க்கத் திரும்பினால் அதுவும் என்னோடு திரும்புகி

[நிறுத்திவிட்டேன். நாயைப் பேசவிட்டால் அது இரண்டாம் பத்தியிலேயே சுதந்திரத்தைப் பற்றி ஆரம்பித்துவிடும். இந்த நாய்க்குட்டிக்கு அதைவிட முக்கியமான வேலைகள் இருக்கின்றன. கடிக்கத் தொடங்கிய ஒரு செருப்பு பாதியில் நிற்கிறது.]

அடுத்த தொடக்கம்: "பனி விலகாத அந்த வைகறையில்" [எட்டரை மணி. நல்ல வெயில்.]

2

மனிதருக்கு ஒரு தொழில் வேண்டுமே. வங்கியில் உட்காரவைத்துப் பார்த்தேன். வீட்டுக்கு வந்தபிறகும் நாற்காலியை விட்டு எழமாட்டேன் என்றார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் சேர்த்ததும் ஆள் நிமிர்ந்துவிட்டார். அவரை எல்லோரும் மாஸ்டர் என்கிறார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

மாஸ்டருக்கு நாய் வேண்டும் என்ற எண்ணமே கிடையாது. அவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பி, டைல்ஸ் குடோன் வைத்திருக்கிறான். அங்கே பிறந்த குட்டிகளில் ஒன்றைப் பழைய துண்டில் சுற்றி அக்காவிடம் கொண்டுவந்து கொடுத்தான். மாஸ்டர் செய்தித்தாளை இறக்காமலேயே, "என்னடா பொட்டலம் அது?" என்று கேட்டார். அதுவே பெயராகிவிட்டது. தனக்கும் மேற்படி பொட்டலத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். மறுவாரமே தன் தட்டிலிருந்து ரொட்டியின் ஓரத்தைக் கிள்ளி, மேசைக்குக் கீழே யாருக்கோ கொடுத்துக்கொண்டிருந்தார். கீழே வேறு யாரும் இல்லை.*

* மனைவி இதைப் பார்த்தாள். கேட்கவில்லை. மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். யார் எதை யாருக்காக வாங்குகிறார்கள் என்று விசாரிக்கிற வழக்கம் அவளுக்கு இல்லை.

3

கதைக்கு ஒரு சிக்கல் வேண்டும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே பொட்டலம் மாடிப்படியில் இறங்கிப் போய்விட்டது. கீழ்த்தளத்தில் பல் டாக்டரின் மருத்துவமனை. குடியிருப்புச் சங்கத்தின் செயலாளரும் அவரே. நாற்காலியில் ஒருவர் வாயைப் பிளந்து சாய்ந்திருக்க, டாக்டர் கண்ணாடியை வாய்க்குள் விட்டிருக்க, இரண்டு பேருமே அசைய முடியாத அந்த நல்ல சமயம் பார்த்து, பொட்டலம் மேசையிலிருந்த, பல் அளவெடுத்த மாவு அச்சைக் கவ்விக்கொண்டது. யாரோ ஒரு அம்மாளின் மேல்வரிசைப் பற்கள் முழுவதும் அதில் இருந்தன. அவற்றைக் கவ்வியபடி அது மூன்றாம் மாடிக்கு ஏறி வந்ததை வழியில் பார்த்தவர்கள், நாய் தங்களைப் பார்த்துச் சிரித்ததாகவே இன்றும் சொல்கிறார்கள்.

அன்று மாலை டாக்டர் மேலே வந்தார். கோபப்படவில்லை. பல்லைப் பிடுங்குமுன் பேசுகிற அதே குரலில் பேசினார்.

"கொஞ்சம் கூசும், பொறுத்துக்கோங்க மாஸ்டர். ஞாயித்துக்கெழமை காலையில சங்கத்துக்காரங்க எல்லாரும் முற்றத்துல இருப்போம். படியிலேருந்து கேட்டு வரைக்கும் பெல்ட்டு போட்டு நடத்திக் காட்டுங்க. தூக்கக் கூடாது, தரதரன்னு இழுக்கக் கூடாது. நடந்துச்சுன்னா இருக்கட்டும். இல்லேன்னா எங்கேருந்து வந்துச்சோ அங்கேயே அனுப்பிடுங்க."

போனில் தகவல் போனதும் மச்சான் தாராளமாகச் சொல்லிவிட்டான்: "அதுக்கென்ன மாமா, குடோன் வாசல்ல கட்டிப் போட்டுடறேன். ராவும் பகலும் லாரி வரும். அதுக்கும் பொழுது போகும்."

மாஸ்டர் போனை வைத்துவிட்டுச் செய்தித்தாளை எடுத்தார். அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

4

[இந்த இடத்தில் ஒரு சந்தேகம். டாக்டரைக் கொடுமைக்காரராக எழுத நினைத்திருந்தேன். மீசையெல்லாம் கொடுத்துப் பார்த்தேன். அந்த அம்மாள் மறுபடி வந்து வாயில் மாவை வைத்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்ததை நினைத்தால், அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மீசையை எடுத்துவிட்டேன்.]

மாஸ்டர் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினார். முதல் பாடம், வண்டி ஓடக் கூடாது. உட்கார்ந்து பழகினால் போதும். ஆகவே கழுத்துப்பட்டையை மட்டும் மாட்டினார். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிறதா என்று சரிபார்த்தார். பொட்டலம் பின்னங்காலால் சொறிந்தது. எட்டவில்லை என்றதும் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. விழுந்தவாறே ஒரு வட்டம் போட்டது. பிறகு பட்டையிலிருந்து வெளியே வந்துவிடலாம் என்று பின்பக்கமாகவே நடந்து, அலமாரியில் போய் முட்டி நின்றது.

"ரிவர்ஸ் நல்லா வருது," என்றார் மாஸ்டர்.

சாப்பாட்டுக் கிண்ணத்தை வைத்ததும் பட்டை மறந்துபோயிற்று. அடுத்த பாடம், கயிற்றைப் பிடிக்காமல் வீட்டுக்குள் இழுபடவிடுவது. பொட்டலம் அதைப் பாம்பாக நினைத்துத் துரத்தி, நாற்காலிக் கால்களையும் மனைவியின் கைப்பையையும் ஒன்றாகக் கட்டிப்போட்டது. அதுவும் பழகிவிட்டது. இதுவரை எல்லாம் ஒழுங்கு. வெள்ளிக்கிழமை கயிற்றைக் கையில் பிடித்துத் தெருவில் இறங்கினார்.

குட்டி நாலடி நடந்தது, உட்கார்ந்தது. கெஞ்சினார். எழுந்தது, நாலடி நடந்தது, உட்கார்ந்தது. நான் பால் வாங்கப் போன காலை அதுதான். [அல்லது அப்படி வைத்துக்கொள்கிறேன்.]

5

கண்டுபிடித்தவள் மனைவி. சனிக்கிழமை பால்கனியில் துணி காயப்போடும்போது கீழே பார்த்தாள். குட்டி துள்ளி முன்னே ஓடுகிறது. கயிறு விறைக்கிறது. உடனே மாஸ்டரின் வலது கால் தானாக எழும்பித் தரையில் 'தொப்' என்று மிதிக்கிறது. குட்டி உட்காருகிறது.

பயிற்சி வண்டியில் பயிற்றுநர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்பவர் கண்மண் தெரியாமல் போனால் மாஸ்டர் அதை மிதிப்பார். இத்தனை வருடப் பழக்கத்தில், மனைவி வேகமாகப் பேசினால்கூடக் கட்டிலில் படுத்தபடியே மிதிப்பார். அந்தக் கால் எதையும் கேட்டுக்கொண்டு செய்வதில்லை.

அவர் மேலே வந்ததும் அவள் சொன்னாள்: "ஏங்க, நாய் நல்லாத்தான் படிச்சிருக்கு. நீங்க சொல்லிக் குடுத்தத அப்படியே செய்யுது."

"என்ன சொல்லிக் குடுத்தேன்?"

"பிரேக்கு. அது ஒண்ணுதான் சொல்லிக் குடுத்திருக்கீங்க."

மாஸ்டர் குனிந்து தன் வலது காலைப் பார்த்தார். வீட்டுக்குள் வந்துவிட்ட முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு அவளைப் பார்க்காமலேயே மெல்லக் கேட்டார்: "குடோன்ல ரொட்டி போடுவானா உன் தம்பி?"

சம்பந்தமில்லை என்று சொன்ன மனிதர் இவர்தானா என்று அவள் கேட்டிருக்கலாம். நானும் அவளுக்கு ஒரு நல்ல வசனம் எழுதி வைத்திருந்தேன். அவள் அதைச் சொல்ல மறுத்து, துணிக்கிளிப்புகளைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

6

அன்று முழுதும் பயிற்சி காலுக்குத்தான். வரவேற்பறையில் மனைவி கயிற்றை இழுப்பாள். மாஸ்டர் மிதிக்காமல் இருக்க வேண்டும். வலது செருப்பில் ஈர மணல் போட்டுப் பார்த்தார். பெருவிரலை மடக்கிக்கொண்டு நடந்தார். "காலோட ஒரு குச்சிய வெச்சுக் கட்டிடலாமா?" என்று கேட்டதற்கு, "அப்புறம் உங்கள நான் பெல்ட்டு போட்டுத்தான் கூட்டிட்டுப் போகணும்," என்றாள். பொட்டலம் சோபாவில் படுத்து, படிப்பு முடித்தவர்களுக்கே உரிய சாவகாசத்தோடு பார்த்துக்கொண்டிருந்தது.

7

ஞாயிற்றுக்கிழமை. முற்றத்தில் சங்கத்தார் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகளில். டாக்டர் கேட்டருகே. மச்சானும் வந்திருந்தான், கையோடு ஒரு இரும்புச் சங்கிலியும் கொண்டுவந்து.

 [சங்கிலியை நான் எழுதவில்லை. அவனாகக் கொண்டுவந்தான்.]

மாஸ்டர் படியிலிருந்து இறங்கினார். கயிறு தளர்வாகத் தொங்கியது. பொட்டலம் பக்கத்திலேயே வந்தது. குட்டி கொஞ்சம் முந்தியது, கயிறு விறைத்தது, மாஸ்டர் இழுக்கவில்லை, மிதிக்கவும் இல்லை. அப்படியே நின்றார். குட்டி திரும்பிப் பார்த்து, ஓரடி அவர் பக்கம் வந்தது. கயிறு தளர்ந்தது. இருவரும் மறுபடி நடந்தார்கள். மச்சான் சங்கிலியை வேறு கைக்கு மாற்றிக்கொண்டான்.

கேட்டுக்குக் கொஞ்ச தூரமே இருக்கும்போது, வெளியே தெருவில் ஒரு பயிற்சிக் கார். மாஸ்டரின் பள்ளி வண்டியேதான். வேறொரு பயிற்றுநர், புதிதாகக் கற்றுக்கொள்ளும் ஒருவர், உறுமல், குலுக்கல். வண்டி நேராகக் கேட்டை நோக்கித் திரும்பியது.

மாஸ்டரின் வலது கால் எழும்பியது.

8

இங்கே மூன்று முடிவுகள் எழுதி மூன்றையும் அடித்துவிட்டேன்.

(அ) கால் இறங்குகிறது, குட்டி உட்காருகிறது, சங்கிலி [என்னால் இதற்கு மேல் எழுத முடியவில்லை. நான் போய் ரொட்டி சாப்பிட்டுவிட்டு வந்தேன்.]

(ஆ) டாக்டர் மனம் இளகி [அவர் இளகவில்லை. முகத்தை நன்றாகப் பார்த்தேன்.]

(இ) குட்டி மாஸ்டரின் காலைப் பொருட்படுத்தாமல் கம்பீரமாக [இது இழுப்பது. தரதரவென்று இழுக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னது எனக்கும் சேர்த்துத்தான். நான் பேனாவைப் பிடித்திருக்கிறேன் என்பதற்காகக் குட்டியை ஒரு வரியில் கேட்டுக்கு அப்பால் கொண்டுபோய் வைத்துவிட்டால், அது நடந்ததாகாது.]

ஆகவே கார் கேட்டுக்கு வெளியே ஒரு முழம் தள்ளி என்ஜின் அணைந்து நிற்கிறது. அவ்வளவு மட்டும் செய்துவிட்டேன். சங்கத்தார் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்கள். மாடியில் மனைவி பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். மாஸ்டர் ஒற்றைக்காலில் நிற்கிறார், நெற்றியெல்லாம் வியர்வை. பொட்டலம் நிமிர்ந்து அந்தத் தூக்கிய காலையே பார்க்கிறது. பின்பக்கம் தரையைத் தொட இன்னும் இரண்டு விரல்கடைதான் இருக்கிறது. வால் மட்டும் முடிவு செய்யாமல் இப்படியும் அப்படியும் ஆடுகிறது.

என் வேலை முடிந்தது. அந்தக் கால் இனி உங்களுடையது. அவருக்கு வயதாகிறது, ரொம்ப நேரம் நிற்க முடியாது. சீக்கிரம் கீழே வையுங்கள். ஆனால் சத்தம் வராமல்.