கட்டம் கட்டமாகத் தெரிந்த முகம்

கெலுகோர் ஊரிலிருந்த வீட்டுக் கூடத்தில் செல்வநாயகியின் உடலைச் சவப்பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். பக்கத்தில் கணினி மேசையை இழுத்துப் போட்டு, அதற்கடியில் வயர்களுக்கு நடுவே மண்டியிட்டிருந்தான் மகன் ஏரம்பமூர்த்தி. லண்டனில் இருக்கும் தங்கை கனகேஸ்வரி பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரி. விமானம் ஏற முடியாது. பெட்டியை மூடுவதற்குள் அம்மாவின் முகத்தை ஒருமுறை காட்டச் சொல்லிக் கேட்டிருந்தாள்.

அலமாரியில் கிடந்த பழைய வெப்கேமராவைத் தூசி தட்டிச் செருகியும் திரை கறுப்பாகவே இருந்தது.

“ஐயர் வந்து உக்காந்துட்டாரு மூர்த்தி,” என்றார் சின்னையா மாமா. “புதுசா ஒண்ணு வாங்கியிருக்கலாம் லா.”

“சீனப் பெருநாளு மாமா, எந்தக் கடை திறந்திருக்கு? இது கெட்டுப்போகல. பிரிண்டர் செருகுற இடத்திலதான் இதையும் செருகணும். பிரிண்டரக் கழட்டியாச்சு, ஆனா கம்ப்யூட்டருக்கு அது தெரியல. அதுக்காக இன்னும் வாசலப் பிடிச்சு வெச்சிருக்கு.”

“பொணத்துக்குப் பக்கத்திலயும் பாடமா! சீக்கிரம் பண்ணுப்பா.”

பிரிண்டருக்கான நிரலை அழித்துவிட்டுக் கணினியை மறுபடி கிளப்பினான். கறுப்பு சாம்பலானது. கேமராக் கண்ணாடியைச் சுற்றியிருந்த வளையத்தை மெல்லத் திருகத் திருக, புகை விலகுவதுபோல ஒரு நெற்றி தெரிந்தது. பிறகு தொலைபேசி வயரைக் கணினியில் செருகி, இணையம் வழியாக லண்டனைப் பிடித்தான். வீட்டில் ஒரே லைன்; அதில் படம் போகும்போது பேச முடியாது, தட்டச்சு செய்துதான் கேட்க வேண்டும்.

இந்தக் கேமரா வாங்கிய புதிதில் அம்மா அதன் முன்னால் ஒரு நொடி சும்மா இருந்ததில்லை. மீன்குழம்புச் சட்டியைத் தூக்கிக் காட்டுவாள், கையை ஆட்டுவாள், எட்டிப் பார்ப்பாள். ‘அம்மா கட்டம் கட்டமாத் தெரியிறாங்க, ஆடாம இருக்கச் சொல்லு’ என்று தங்கையிடமிருந்து எழுத்து வரும். “நான் என்ன சேலையா, கட்டம் போட?” என்று அம்மா இன்னும் அதிகமாக ஆடிச் சிரிப்பாள்.

அது ஏன் என்று அவன் இருவருக்கும் பலமுறை விளக்கியிருக்கிறான். கணினி படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டும். முந்தைய படத்தோடு ஒப்பிட்டு, மாறிய கட்டங்களை மட்டும் அனுப்பும். ஆள் அசைந்தால் எல்லாக் கட்டமும் மாறும், அத்தனையையும் தாங்க ஒற்றைத் தொலைபேசிக் கம்பியால் முடியாது, படம் சிதறும். அசையாதது மட்டும் ஒவ்வொரு கட்டமாகத் தெளிந்து, அப்படியே நிற்கும்.

இப்போதும் திரையின் ஓரங்களில் அழுதுகொண்டிருந்த பெண்களின் தோள்கள் சிதறிக்கொண்டிருந்தன. நடுவில் அம்மாவின் முகம் கட்டம் கட்டமாகத் தெளிந்து வந்தது. புருவம், உதட்டோரச் சுருக்கம், நெற்றித் திருநீற்றின் பொடி வரைக்கும்.

தங்கையிடமிருந்து எழுத்துகள் வந்தன.

‘அண்ணே, அம்மாவ இவ்வளவு தெளிவா நான் பார்த்ததே இல்லயே. புதுக் கேமராவா?’

அவன் விரல்கள் விசைகளின் மேல் நின்றன. சின்னையா மாமா அவன் தோளைத் தொட்டார். “மூடலாமாப்பா?”

‘ஆமா, புதுசு,’ என்று தட்டினான்.

பெட்டியின் மூடி திரைக்குள் நுழைந்தது. எல்லாக் கட்டங்களும் ஒருசேரக் கலைந்தன.