நின்றால் வரும் வலி

அந்த லாண்டரியில் நின்றுகொண்டு துணி தேய்ப்பது தங்கையின் வேலை. கல்லாவில் உட்கார்ந்து அதிகாரம் பண்ணுவது அக்காவின் வேலை. தங்கையை அவள் குச்சி என்றுதான் கூப்பிடுவாள். ஊதினால் பறந்துவிடும் உடம்பு.

நாலு சட்டை தேய்ப்பதற்குள் குச்சிக்கு இடது விலாவுக்குக் கீழே வலி பிடுங்கும். சாயங்காலத்தில் சிறுநீர் சிவப்பாகப் போகும். படுத்து எழுந்தால் எல்லாம் சரியாகிவிடும். ஆஸ்பத்திரிக்குப் போவதோ காலையில், கடை திறப்பதற்கு முன்னால். கொடுத்த சிறுநீரில் ஒன்றும் இருக்காது. படுக்கவைத்து எடுத்த ஸ்கேனிலும் ஒன்றும் இருக்காது.

"நடிக்காதடி," என்பாள் அக்கா. போகப் போகக் குச்சிக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. வலியைவிட அதுதான் அவளை அரித்தது.

அடுத்த ஸ்கேனுக்கு அக்காவும் கூடவே வந்தாள், கையும் களவுமாகப் பிடித்துவிடும் எண்ணத்தோடு. ஸ்கேன் பார்க்கும் டாக்டரம்மாவிடம் போட்டுக்கொடுத்தாள்.

"நின்னா வலிக்குதாம், படுத்தா போயிடுதாம். இப்படி ஒரு வியாதி உண்டா டாக்டர்?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "உண்டு. எழுந்து நில்லும்மா," என்று குச்சியை நிற்கவைத்து, வயிற்றில் மறுபடியும் கருவியை வைத்துப் பார்த்தார். இடது சிறுநீரகத்திலிருந்து வரும் ரத்தக்குழாய் இரண்டு பெரிய தமனிகளுக்கு நடுவே புகுந்து வருகிறது. அவள் நின்றதும் அவை நெருங்கி அதை நசுக்கின. ரத்தம் போக வழியில்லாமல் தேங்கியது.

"ரொம்ப அபூர்வம். படுத்தா கொஞ்சம் இடம் விட்டுடுது. அதான் இவ்வளவு நாளா சிக்கல."

குச்சிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வியாதி இருக்கிறது என்று கேட்டு இப்படிச் சந்தோஷப்பட்ட ஆள் அவளாகத்தான் இருப்பாள்.

முதலில் எடை கூட்டிப் பார்க்கச் சொன்னார்கள். உள்ளே கொழுப்பு சேர்ந்தால் நெருக்கல் குறையலாமாம். அக்கா ஊட்டிவிடாத குறைதான். எடை கூடியும் வலி விடவில்லை. கடைசியில் ஆபரேஷன் செய்து, அந்தக் குழாயை வெட்டி, நெருக்கடி இல்லாத இடமாகச் சற்றுக் கீழே இறக்கித் தைத்தார்கள்.

உடம்பு தேறிக் கடைக்கு வந்த அன்று குச்சி ஒரு கூடைத் துணியையும் நின்றபடியே தேய்த்தாள். அக்கா கல்லாவை விட்டுவிட்டு, நாற்காலியும் கையுமாக அவள் பின்னாலேயே நின்றாள்.

"உட்காருடி."

"வலிக்கலக்கா. நிஜமாவே வலிக்கல."

அக்காவின் கண் கலங்கிவிட்டது.

"நடிக்காதடி," என்றாள்.