ஒன்பதுக்குப் போட்ட வட்டம்

மூளைக்கு எவ்வளவு பாரம் என்று ஒரு தாளில் கேட்டிருந்தார்கள். ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண்கள். ஒன்று என்றால் பாரமே இல்லை, ஒன்பது என்றால் தாங்க முடியாத பாரம். ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்ணிடம் இப்படி ஒரு கேள்வி கேட்கப் படித்தவர்களால்தான் முடியும்.

கேட்டவள் எப்சி. வேலூர்க் காலேஜ் ஒன்றில் ஆராய்ச்சி செய்கிறவள். தையல் மெஷின் பாடத்தைக் கம்ப்யூட்டரில் படமும் பேச்சுமாகக் காட்டினால் மூளை எவ்வளவு களைக்கிறது, கண்ணில் ஒரு பெட்டியை மாட்டி மெஷின் முன்னாலேயே உட்கார்ந்திருப்பதுபோல் காட்டினால் எவ்வளவு களைக்கிறது என்று அளப்பது அவள் வேலை. இரண்டாயிரத்து ஐந்தில் அப்படிப்பட்ட பெட்டியைக் கம்பெனியில் யாரும் பார்த்ததுகூட இல்லை. பாடத்தின் நடுவே ‘பீப்’ என்று சத்தம் வரும். உடனே பொத்தானை அழுத்த வேண்டும். தாமதமானால் மூளை பாடத்தோடு மல்லுக்கட்டுகிறது என்று அர்த்தமாம்.

பாரதிக்கு வேண்டியது ஒரு மெஷின், அவ்வளவுதான். நாலு வருஷமாகப் பேஸ்டிங் டேபிளில் தோலை ஒட்டுகிற சொல்யூஷன் பசையைத் தடவிக்கொண்டிருந்தாள். அந்த நாற்றத்தில் மத்தியானமானால் தலை வெடிக்கும், வீட்டுக்குப் போனால் சோறு இறங்காது. தையலுக்கு மாறிவிட்டால் தப்பித்தாள். பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு நாள் பயிற்சி. அதில் ஆறு பேருக்குத்தான் மெஷின்.

கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. கஷ்டமா என்று யார் கேட்டாலும் ‘இல்ல சார்’ என்றுதான் சொல்ல வேண்டும். கஷ்டம் என்று சொன்னவளை மறுநாளே வேறு இடத்துக்குத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அதனால் எல்லாரும் பெட்டியைக் கழற்றினார்கள், ஒருத்தி ஓடிப்போய் வாந்தியும் எடுத்துவிட்டு வந்தாள், ஆனாலும் எல்லாரும் ஒன்றுக்கே வட்டம் போட்டார்கள்.

எப்சிக்கு அழுகையே வந்துவிட்டது. இன்னும் வட்டம் போடாத பாரதியைத் தனியே அழைத்துக் கெஞ்சினாள்.

"எல்லாரும் ஒண்ணு போட்டா என் மூணு வருஷ உழைப்பு வீணாப் போய்டும். நீங்களாவது உள்ளதப் போடுங்க பாரதி. நான் அளக்கறது உங்கள இல்ல, பாடத்த. உங்க பேரு யாருக்கும் தெரியாது."

"நெஜமா மேடம்?"

"ஆண்டவர் சாட்சியா."

பாவி மகள், நம்பிவிட்டாள். பெட்டிக்குள் தலை கிறுகிறுத்தது உண்மை. ஒன்பதுக்கு வட்டம் போட்டாள். கவனமெல்லாம் ஊசி இறங்குகிற இடத்திலேயே இருந்ததால் பீப் சத்தத்துக்கும் பொத்தானைத் தாமதமாகத்தான் அழுத்தியிருந்தாள்.

கடைசி நாள் நிஜ மெஷினில் சோதனை. பன்னிரண்டு பேரில் பாரதி போட்ட தையல்தான் நூல் பிடித்ததுபோல் நேராக இருந்தது. எப்சியே அதைத் தடவிப் பார்த்துச் சிரித்தாள்.

பயிற்சி மேனேஜர் சூரியபிரகாஷ் தாள்களைக் கேட்டான். அவன் கையெழுத்து இல்லாமல் எப்சியின் ஆராய்ச்சிக்கு அடுத்த பேட்ச் கிடையாது. எப்சி பெயர்களோடு அப்படியே கொடுத்துவிட்டாள்.

"இன்னாம்மா இது? எல்லாரும் ஒண்ணு, நீ மட்டும் ஒம்போது? பீப்புக்கும் லேட்டு. மண்டையில ஏறலன்னு நீயே எழுதிக் குடுத்துட்டியே!"

"தையலப் பாருங்க சார்."

"ஒரு நாள் நல்லா வரும். தினம் வருமா?"

"சார், அந்த நம்பர் வந்து..." என்று எப்சி ஆரம்பித்தாள்.

"அடுத்த பேட்ச் வேணுமா, வேணாமா மேடம்?"

எப்சி தலை குனிந்துகொண்டாள். பாரதி மறுபடி சொல்யூஷன் டப்பாவைத் திறந்தாள். அன்றைக்கு அவளுக்கு மேனேஜர்மேல் வந்த கோபத்தைவிட அந்தக் குனிந்த தலைமேல் வந்த கோபம் ஜாஸ்தி.

இரண்டு மாதம் கழித்து அடுத்த பேட்சுக்கு வஜீதாவை எடுத்தார்கள். பேரணாம்பட்டிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண், பேஸ்டிங் டேபிளில் பாரதிக்குப் பக்கத்து இடம். தான் பட்டது அவளும் படக்கூடாதே என்று பாரதி அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"தல சுத்தினாலும் ஒண்ணு போடு. பீப் வந்தா மொதல்ல பட்டன அழுத்து, பாடமெல்லாம் அப்புறம். மத்தவங்களுக்கும் சொல்லிடு."

பன்னிரண்டு பேரும் பாடத்தை விட்டுவிட்டுப் பீப்புக்குக் காத்திருந்தார்கள். பன்னிரண்டு தாளிலும் ஒன்று. பொத்தானில் ஒருத்திகூடத் தாமதமில்லை. இதில் ஏதோ கோளாறு என்று எப்சிக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தேதான் பாரம் மிகக் குறைவு என்று எழுதிக்கொண்டு ஊருக்குப் போனாள். சூரியபிரகாஷுக்கு ஒரே சந்தோஷம். இவ்வளவு சுலபமான பாடத்துக்குப் பன்னிரண்டு நாள் எதற்கென்று மூன்றே நாளில் முடித்து, பெண்களை மெஷினில் உட்கார வைத்தான்.

இரண்டாம் நாளே வஜீதாவின் ஆள்காட்டி விரலில் ஊசி நகத்தோடு இறங்கி உள்ளேயே முறிந்தது. அலறல் கேட்டு பாரதி சொல்யூஷன் பிரஷ்ஷோடு ஓடினாள்.

"நீ சொன்ன மாரிதானேக்கா செஞ்சேன்?" என்றாள் வஜீதா. அது குற்றச்சாட்டு இல்லை. எங்கே தப்பு செய்தோம் என்று நிஜமாகவே கேட்டாள். பாரதி பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டு அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

வஜீதாவை வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வேன் கேட்டைத் தாண்டவில்லை, அதற்குள் சூரியபிரகாஷ் பாரதியைக் கைதட்டிக் கூப்பிட்டான்.

"லைன் நிக்குது பார். நீ பன்னண்டு நாள் கத்துக்கினவதானே? உக்காரு. இனிமே இது உன் மெஷின்."

பாரதி வேஸ்ட் துணியால் மெஷினைத் துடைத்தாள். புது ஊசி மாட்டி உட்கார்ந்தாள். மாலைக்குள் எண்பது ஜோடி தைத்தாள், ஒன்றில்கூடத் தையல் கோணவில்லை. நாலு வருஷத்தில் முதல்முறையாக அன்று தலை வலிக்கவில்லை. அது வலித்துத் தொலைத்திருக்கக்கூடாதா என்று நினைத்துக்கொண்டே அடுத்த தோலை எடுத்தாள்.