பூட்டுப் போடப் போடச் சுருங்கின வீடு

இத்தாலிப் பலெர்மோவின்ரை லிபெர்த்தா றோட்டிலை சிஞ்ஞோரா மாரிட் எண்ட வெள்ளைக்கார அம்மா இருந்த மூண்டாம் மாடி வீடு, ஒவ்வொரு பூட்டுப் போடேக்கையும் ஒரு முழம் சுருங்கிச்சுது. வெளியிலை நிண்டு பாத்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. பல்கணியும் பூச்சட்டியளும் அப்பிடியே இருந்தது. உள்ளுக்கைதான் சுவர் தடிச்சுக்கொண்டு வந்தது. மாஃபியாக்காரர் ரெண்டு நீதவான்மாரைக் குண்டு வைச்சுச் சாக்காட்டின தொண்ணூற்றிரண்டாம் ஆண்டுக் கோடைக்குப் பிறகு, பலெர்மோவிலை இருக்கிற தங்கடை வெளிநாட்டு அலுவலர்மாரின்ரை வீடுகளுக்குக் காவல் கூட்டவேணுமெண்டு சிஞ்ஞோராவின்ரை கந்தோர் முடிவெடுத்துது. அதுக்கெண்டு ஹோல்கர் எண்டொரு பாதுகாப்பு அதிகாரி ரோமிலையிருந்து மாதாமாதம் வருவான். அவன் கைவீசிக்கொண்டு வந்ததாய்ச் சரித்திரமில்லை. முதல் இரும்புக் கதவு, பேந்து அதுக்கொரு சங்கிலி, ஜன்னலுக்குக் கம்பி, குளியலறைக்குச் சைரன், வாசலுக்குக் கமெரா. புதுசு ஒண்டு பூட்டின அடுத்தநாள் விடியச் சுவர் உள்ளுக்கை தள்ளி நிக்கும். விருந்தினர் அறை போச்சுது, பேந்து சாப்பாட்டறையும் போச்சுது. ஹோல்கர் நாடாப் பிடிச்சு அளந்து பாத்துப்போட்டு, சின்ன வீட்டைக் காக்கிறது லேசு எண்டு சந்தோசப்பட்டான். விசரன்.

அந்த வீட்டிலை துப்பரவாக்கிச் சமைச்சது மன்னார்ப் பேசாலை எமிலியானா. புருசன் கடலோடை போனவர். ஒரே பிள்ளை றம்யா, பதின்மூண்டு வயது, மடு அகதி முகாமிலை சின்னம்மாவோடை கிடந்தா. அந்த நாளையிலை வளர்ற பிள்ளையை முகாமிலை விட்டிட்டு இருக்கிற தாய் என்ன பாடுபடுவாவெண்டு எங்கடை சனத்துக்குச் சொல்லிக்காட்டத் தேவையில்லை. பிள்ளையைக் கூப்பிடுறதெண்டால் பெர்மெசோ எண்ட வதிவிட அனுமதி வேணும், பெர்மெசோவுக்குக் கிழமைக்கு நாற்பது மணித்தியால வேலை எண்டு சிஞ்ஞோரா கையெழுத்து வைக்கவேணும். சிஞ்ஞோரா நோர்வேக்காரி, பொய் எழுதமாட்டா. துடைக்கிறதுக்கு நிலமே இல்லாத வீட்டிலை நாற்பது மணித்தியாலம் எப்பிடி எழுதுறது? அறை போகப்போக மணித்தியாலமும் போச்சுது. நாற்பது முப்பதாகி, இருபதாகி, கடைசியிலை ஒரு நேரச் சமையலிலை வந்து நிண்டுது. பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகுது.

எமிலியானா ஹோல்கரைக் கேக்காமல் விடேல்லை. ஆபத்து மட்டம் இன்னும் இறங்கேல்லை எண்டான். கட்டிலிலை கால் நீட்டேலாமல் கிடக்கெண்டு சிஞ்ஞோராவும் ரோமுக்கு எழுதினா. வீட்டிலை ஒரு அசம்பாவிதமும் நடக்கேல்லை, ஆனபடியால் ஏற்பாடு சரியாய்த்தான் வேலைசெய்யுது எண்டு ரெண்டு மாசத்தாலை பதில் வந்துது. பதிலோடை இன்னொரு பூட்டும் வந்துது. "என்ன கோதாரிப் பூட்டடாப்பா இது!" எண்டு எமிலியானா குசினிக்குள்ளை நிண்டு கத்தின சத்தம் கீழ்மாடிக்கும் கேட்டிருக்கும். அவ இருந்த பிரான்காச்சோ எண்ட ஏழைப்பட்ட பக்கத்திலை சந்திக்குச் சந்தி கார் எரிஞ்சுது. அவவின்ரை கதவிலை இருந்தது ஒரேயொரு கொளுக்கி. அதைப் பாக்க எந்தக் கந்தோரும் ஆளனுப்பேல்லை.

பேந்துதான் மனிசி ஒரு பிழையை விட்டுது. மடு மாதா கோயில் மண் கிடக்கிற வீட்டுக்குள்ளை விசம் அண்டாது எண்டது மன்னார்ச் சனத்துக்குப் பால்குடியிலையே தெரியும். லேஞ்சியிலை முடிஞ்சு கொண்டுவந்திருந்த மண்ணை எடுத்து, அருள்நிறைந்த மரியே சொல்லி, சிஞ்ஞோராவின்ரை வீட்டு நாலு மூலையிலையும் ஒவ்வொரு கிள்ளுப் போட்டா. வீட்டைப் பிடிச்ச பீடை போகட்டுமெண்டுதான். அடுத்தநாள் காலமை வந்து பாத்தால் நாலு சுவரும் ஒரேயடியாய் உள்ளுக்கை வந்திட்டுது. மாதாவின்ரை மண்ணையும் அந்த மூதேசி வீடு காவலெண்டு எடுத்துப்போட்டுது. மண்ணைக் கூட்டி அள்ளுவமெண்டாலும் அது சுவருக்குள்ளை போயிட்டுது. பனையாலை விழுந்தவளை மாடேறி உழக்கின கதைதான். இரும்புக் கதவைத் திறந்தால் பின்னாலை சுவர். சுவரிலை சாப்பாட்டுக் கோப்பை போகிற அளவுக்கு ஒரு இடைவெளி. அதுக்கங்காலை அலுமாரியளவு இடத்திலை ஒரு கதிரை, ஒரு தண்ணிக் குழாய், ரெலிபோன், சிஞ்ஞோரா. எமிலியானாவுக்குக் கால்வைக்க இடமில்லை.

கதவடியிலை குந்தியிருந்து ஒப்பாரி வைச்சுப்போட்டு, அந்த இடைவெளிக்குள்ளை வாயை வைச்சு மனிசி கேட்டிச்சுது. "சிஞ்ஞோரா, உங்களைத் தொட ஆராலும் ஏலாது. என்ரை பிள்ளை அங்கை வெட்டைவெளியிலை கிடக்கு, ஆர் வேணுமெண்டாலும் தூக்கிக்கொண்டு போகலாம். இப்ப மணித்தியாலமும் இல்லை. நான் என்ன செய்ய?" நாலு வருசமாய் அவையள் ரெண்டுபேரும் கதைச்சது மீனைப்பற்றியும் சவர்க்காரத்தைப்பற்றியும்தான். பிள்ளை இருக்கெண்டதே சிஞ்ஞோராவுக்கு அண்டைக்குத்தான் தெரியும். பிள்ளைக்கு என்ன பெயர் எண்டு உள்ளுக்கையிருந்து குரல் வந்துது.

அண்டையிலிருந்து எமிலியானா காலமை வந்து வாசலிலை கதிரை போட்டு இருந்தா. சோறும், பல்லரோச் சந்தையிலை மீன் வாங்கித் தன்ரை வீட்டிலை வைச்ச குழம்பும் இடைவெளியாலை போச்சுது, கதையும் போச்சுது. கிழமைக்கு நாற்பது மணித்தியாலமெண்டு சிஞ்ஞோரா கையெழுத்து வைச்ச கடதாசியும் அந்த இடைவெளியாலை வெளியிலை வந்துது. வேலையைச் சோதிக்க வந்த உத்தியோகத்தன், ஆள் நுழைய ஏலாத வீட்டிலை நாற்பது மணித்தியாலம் என்ன வேலையெண்டு கேட்டான். "அவ என்னோடை கதைக்கிறா," எண்டா சிஞ்ஞோரா உள்ளுக்கையிருந்து. "நான் உயிரோடை இருக்கிறது அதாலைதான்." பொய் எழுதாத மனிசி. துணைக்கிருத்தல் எண்டும் ஒரு வேலை சட்டத்திலை இருக்கு. அவன் அதை எழுதி முத்திரை குத்தினான்.

தொண்ணூற்றேழு பங்குனியிலை றம்யா வந்து இறங்கினா. அடுத்த நாள் தாய் அவவையும் லிபெர்த்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனா. ஏழு வருசம் முகாமிலை கிடந்த பிள்ளை இரும்புக் கதவைப் பாத்துது, சங்கிலியைப் பாத்துது, சுவருக்குள்ளையிருந்து வெளிறின கையொண்டு வந்து கோப்பையை வாங்கினதையும் பாத்துது.

"அம்மா, இவவை எப்ப விடுவினம்?"

எமிலியானா சோறு விழுந்த இடத்தைத் துடைச்சா. "ஆபத்து மட்டம் இறங்கினாப் பிறகாம். நீ அந்தக் கதிரையிலை இரு பிள்ளை. உன்ரை வாயாலை முகாமைப்பற்றிக் கேக்கவேணுமாம், சொல்லு. அவவுக்கு இப்ப தமிழ் விளங்கும்."

றம்யா இருந்தா. தறப்பாள் கொட்டிலிலை தொடங்கி, தண்ணிக்கு வரிசையிலை நிண்டது, சண்டைக்குப் பிள்ளை பிடிக்க வந்த நாளிலை பற்றைக்குள்ளை ஒளிச்சுக் கிடந்தது எண்டு சொல்லிக்கொண்டு போனா. சுவருக்குள்ளையிருந்து சிஞ்ஞோரா, "ஓம், ஓம், பேந்து?" எண்டு கேட்டுக்கொண்டிருந்தா.