வத்தல் கிடங்கில் கடைசிப் பாட்டு

"ஆல்பம் முடியட்டும் யசோ. கேசட்டு கைக்கு வந்ததும் எங்கப்பாகிட்ட நானே கேக்குறேன்."

"இன்னான்னு கேப்ப? சொல்லிக் காட்டு பாப்போம்."

"எனக்கு யசோதராவக் கட்டி வைங்கப்பான்னு."

"அதுக்கு அவரு இன்னா சொல்லுவாரு?"

"சொல்லமாட்டாரு. அடிப்பாரு."

"வாங்கிக்கோ. நானும் பக்கத்துல நின்னுகினு பாதி வாங்கிக்கிறேன்."

காசிமேட்டுக் கடலோரக் கற்களின் மேல் உட்கார்ந்து ஜெரினும் யசோதராவும் இப்படிப் பேசிச் சிரித்தது இரண்டாயிரத்து மூன்றாம் வருஷத் தொடக்கத்தில். சிரித்தது என்னவோ சிரித்ததுதான். ஆனால் ஒவ்வொரு பாட்டும் பதிவாகி முடியும்போது யசோதராவுக்கு அந்தப் பேச்சு நினைவுக்கு வரும். அவன் கேட்கப்போகும் நாள் ஒரு பாட்டு தூரம் பக்கத்தில் வந்துவிட்டது என்று எண்ணிக்கொள்வாள். சீக்கிரம் கேளேன் என்று அவள் நச்சரித்ததில்லை. கெஞ்சி வாங்குகிற பொருளா அது?

அவர்களுடைய ராக் இசைக்குழுவின் பெயர் சாம்பக்குளம். எண்ணூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல் குட்டைகளைப் பார்த்து அவள் அண்ணன் அறிவு வைத்தது. அறிவு மணலி ஆலையில் ஒப்பந்த பிட்டர். பாடுவதும் பேஸ் கிட்டாரும் அவன். ஜெரின் கிட்டார். யசோதரா டிரம்ஸ். ராக் என்றால் நுங்கம்பாக்கத்துப் பிள்ளைகள் இங்கிலீஷில் பாடுவது என்றிருந்த காலத்தில், இந்த மூன்று பேரும் வியாசர்பாடிப் பேச்சிலேயே கத்திப் பாடினார்கள். ஏப்ரல் பதினாலு நீலக்கொடி ஊர்வலங்களில் டிரம் அடித்துப் பழகிய கை யசோதராவுடையது. அவள் அடித்தால் பக்கத்தில் இருக்கிறவன் வயிற்றில் குத்து வாங்கியதுபோல் இருக்கும்.

எந்தக் கம்பெனி வாசலையும் மிதிப்பதில்லை, தாங்களே பதிவு செய்து தாங்களே வெளியிடுவது என்று முடிவு. ஸ்டூடியோவுக்கு எங்கே போவது? ஜெரினின் அப்பா தேவப்பிரியம் தெற்கத்திக் கிறிஸ்தவர், தண்டையார்பேட்டையில் மிளகாய் வத்தல் மொத்த வியாபாரி. ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பம் முழுக்கக் கோயிலுக்குப் போய்விடும். கிடங்கு பூட்டிக் கிடக்கும். ஜெரின் சாவியை எடுத்துவருவான். கல்யாண வீடுகளில் பாட்டுப் பதிவு செய்கிற ரஹீம், தன் டேப் இயந்திரத்தை மீன்பாடி வண்டியில் ஏற்றி வருவான். டிரம்ஸைச் சுற்றி வத்தல் மூட்டைகளை ஆளுயரத்துக்கு மதில்போல் அடுக்கிவிட்டால் சத்தம் தெருவுக்குப் போகாது. நெடி மட்டும் தாங்காது. ஈரத் துணியை முகத்தில் கட்டிக்கொண்டுதான் வாசிக்க வேண்டும். நல்ல நல்ல பாட்டெல்லாம் அறிவின் தும்மலால் பாழாகித் திரும்பப் பாடியிருக்கிறார்கள்.

அன்றைக்குக் கடைசிப் பாட்டு. யசோதரா வெறி பிடித்தவள்போல் அடித்தாள். ஒரு குச்சி முறிந்து பறந்து ரஹீமின் காதை உரசிக்கொண்டு போனது.

"ஏம்மே, பாட்டு வாசிக்கிறியா, கொல பண்றியா?" என்றான் அறிவு.

"பாடுண்ணா நீ. முடிச்சிட்டு வேற வேல கீது எனக்கு."

ஜெரின் தலையைக் குனிந்துகொண்டான். என்ன வேலை என்று அவனுக்குத் தெரியும்.

அத்தனையும் யோசித்த ஜெரின் ஒன்றை மறந்துவிட்டான். அந்த ஞாயிறு அசனப் பண்டிகை. ஆராதனை முடிந்ததும் சபையார் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் நாள். அதற்குச் சமைக்கும் பெரிய அண்டாக்கள் வருஷம் முழுக்கத் தேவப்பிரியத்தின் கிடங்கு மூலையில்தான் கவிழ்ந்து கிடக்கும்.

பாட்டு உச்சத்தில் இருந்தபோது ஷட்டர் உயர்ந்தது. வெள்ளை ஜிப்பாவில் தேவப்பிரியம். அவர் பின்னால் தம்பி சுயம்பு, அண்டா தூக்க வந்த நாலைந்து ஆட்கள்.

கடைசி அடியும் விழுந்து அதிர்வு அடங்கியது.

"யாருலே இவங்க?" என்றார் தேவப்பிரியம்.

யசோதரா முகத்துணியை அவிழ்த்துவிட்டு எழுந்து நின்றாள். பாட்டு முடிந்துவிட்டது. இதைவிடப் பொருத்தமான நேரம் ஏது? ஜெரினைப் பார்த்தாள்.

ஜெரின் அப்பா பக்கம் திரும்பினான். "மூட்டை அடுக்க வந்த ஆளுங்கப்பா. கூலிக்கு."

"மூட்டை அடுக்கதுக்கு மத்தளம் எதுக்குலே?" என்று சுயம்பு முன்னால் வந்தார். வந்த வேகத்தில் அறிவின் கன்னத்தில் அறைந்தார். "எவன் கிடங்குல எவம்லே ஆடுதது?"

அறிவு ஷிப்டில் மேஸ்திரியின் பேச்சையே பொறுக்காதவன். மைக் ஸ்டாண்டைப் பிடுங்கிச் சுழற்றினான். அது சுயம்புவின் மூக்கில் பட்டது. ரத்தம் வெள்ளை வேட்டியில் கொட்டியது. அவ்வளவுதான், அண்டா தூக்க வந்தவர்கள் பாய்ந்தார்கள். ஒருவன் அறிவின் முடியைப் பிடித்துத் தரையில் மோதினான். இன்னொருவன் விலாவில் மிதித்தான். ரஹீம் டேப் இயந்திரத்தைப் பச்சைக் குழந்தைபோல் அணைத்துக்கொண்டு, முதுகில் விழுந்த அடிகளோடு தெருவுக்கு ஓடினான். சிம்பல் தகடு உருண்டுபோய் யார் காலையோ வெட்டியது.

"டேய், எங்கண்ணன வுடுங்கடா!" யசோதரா டிரம் ஸ்டூலைத் தூக்கி அண்ணனை மிதித்தவனின் முழங்காலில் இறக்கினாள். அவன் அலறிச் சுருண்டான்.

ஜெரின் நின்ற இடத்திலேயே நின்றான். அவன் கன்னத்தில் அப்பாவின் கை மாறி மாறி விழுந்தது. உதடு கிழிந்தது. "சொல்லுலே! கோயிலுக்கு வராம நீ செய்த காரியம் இதா?" அவன் வாங்கிக்கொண்டே இருந்தான்.

சுயம்பு மூட்டை தூக்கும் இரும்புக் கொக்கியை ஆணியிலிருந்து உருவினார். பெரிய டிரம்மின் தோலில் பாய்ச்சி ஒரே இழுப்பாகக் கிழித்தார். அடுத்து ஓங்கியது அறிவின் முதுகுக்கு. யசோதரா குறுக்கே கையை நீட்டினாள். கொக்கி அவள் முன்கையில் இறங்கி, சதையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது.

அவள் அலறல் கேட்டதும் ஜெரின் அப்பாவின் பிடியை உதறினான். தலையைத் தாழ்த்திச் சித்தப்பாவின் வயிற்றில் மோதினான். இருவருமாக மூட்டை மதிலின் மேல் விழ, கொக்கி ஒரு சாக்கைத் தலைப்பிலிருந்து அடிவரைக்கும் கீறியது. மதில் சரிந்தது. மூட்டை மேல் மூட்டையாக விழுந்து வெடித்து, வத்தலும் விதையும் தூளுமாகக் கிடங்கு முழுக்கச் செந்தூசி எழுந்தது. அதற்குள்ளும் ஜெரின் சித்தப்பாவின் மார்பில் ஏறி உட்கார்ந்து குத்திக்கொண்டிருந்தான்.

ஆனால் மிளகாய்க்கு முன்னால் எந்தச் சண்டியன் நிற்க முடியும்? அடித்தவன், அடி வாங்கியவன் எல்லாரும் மூச்சடைத்து, மூக்கும் கண்ணும் ஒழுக, ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தபடியே தெருவில் வந்து விழுந்தார்கள்.

யசோதராவின் கண்ணில் நெருப்பை அள்ளிக் கொட்டியதுபோல் இருந்தது. கை விட்டு விட்டு வலித்தது. யாரோ அவள் தலையைப் பின்னால் சாய்த்து, அடிபம்புத் தண்ணீரைக் கை கையாக அள்ளி ஊற்றினார்கள்.

"கண்ணக் கசக்காத பிள்ள. கசக்குனா இன்னும் எரியும்." தேவப்பிரியத்தின் குரல். அவரும் இருமிக்கொண்டிருந்தார். மிளகாய் பட்ட கண்ணை அவருக்குத் தெரியும். வாழ்நாள் முழுக்க அதில்தானே கிடந்தார். "ஐயோ, கையில ரத்தம் ஊத்துதே. ஏ சுயம்பு, பாவி, என்ன காரியம்லே செஞ்ச? ஒரு ஆட்டோவக் கூப்பிடுங்கப்பா." ஜிப்பா கிழிபடும் சத்தம் கேட்டது. காயத்தை இறுக்கிக் கட்டினார். "நீ யார் வீட்டுப் பிள்ளம்மா? கூலிக்கு வந்த இடத்துல இப்படி ஆயிட்டே."

கூலிக்கு. அந்தச் சொல் கொக்கியைவிட ஆழமாக இறங்கியது.

"அப்பா..." பக்கத்தில் ஜெரினின் குரல். இருமல். மறுபடியும் "அப்பா, இவ..." அதற்குமேல் வரவில்லை.

யசோதரா காத்திருந்தாள். ஒரு கை தண்ணீர் முகத்தில் விழுந்து வழியும் நேரம்தான். பிறகு, திறக்க முடியாத கண்களோடு தேவப்பிரியத்தின் குரல் வந்த பக்கமாகத் திரும்பினாள்.

"நான் கூலிக்கு வரல. வியாசர்பாடி நீலமேகம் பொண்ணு. பேரு யசோதரா." தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த கை நின்றது. அவள் நல்ல கையால் அதை எட்டிப் பிடித்தாள். "மாமா, உங்க புள்ளைய எனக்குக் கட்டி வைங்க."