மாதிரிக் கட்டை

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கல்யாண வீட்டில் கை நிறையச் சந்தனத்தை வாங்கிக்கொண்டு, வேட்டியில் துடைக்க மனமில்லாமல் முழித்துக்கொண்டு நின்றேன். அப்போது பிடித்துக்கொண்டது இந்தக் கதை.

"1925. ரங்கூனில் மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு…"

வேண்டாம். ரங்கூன் என்றாலே மழையா?

"போட்டாதாங் துறையில் கப்பல் வந்து…"

கதையில் யாரும் கப்பலில் வரவில்லை ஐயா. அடித்துவிட்டேன்.

2

கனகாம்பாளிடமிருந்தே தொடங்குகிறேன். ரங்கூனில் பசுந்தாங் பேட்டையில் அவளும் புருஷன் சோ பா லேயும் வாசனைக் கட்டைக் கடை வைத்திருந்தார்கள். அவன் கரேன் என்னும் பர்மா மலைக்குடி ஆள். அவனுடைய மலையூரில் கலமெ மரம்* உண்டு. அதை வெட்டச் சர்க்கார் லைசென்ஸ் வேண்டும். எப்போதும் பெரிய குத்தகைக்காரர்களுக்கே அது போகும். இந்த வருஷம் மலைக்குடிச் சிறு வியாபாரிகளுக்கும் கொடுக்கப்போகிறார்கள். (சட்டத்தைப் போட்டது நான்தான். எந்தப் புத்தகத்திலும் தேடாதீர்கள்.)

கடையில் சரக்கு தீர்ந்துபோயிருந்தது. லைசென்ஸ் வராவிட்டால் கடையைச் சாத்திவிட்டு சோ பா லே ஆற்றுக்கு அக்கரை டாலா துறைக்கு மூட்டை தூக்கப் போகவேண்டும். மிச்சமிருந்தது காட்டிலாகா முத்திரை குத்திக் கொடுத்த ஒரே ஒரு மாதிரிக் கட்டை. ரேஞ்சர் வந்து பார்த்து, லைசென்ஸுக்காக அதை மேலிடத்துக்கு எடுத்துப் போவார்.

*நம் சந்தனத்துக்குத் தங்கை முறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

3

ரேஞ்சர் அப்துல் அஜீஸ், நாகூர்க்காரர். (முதலில் அவரை லஞ்சம் கேட்கும் கடுவன் பூனையாகத்தான் எழுதினேன். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அப்புறம் எப்படிக் கெட்டவராக்குவது?)

கனகாம்பாள் சந்தனக் கிண்ணத்தை நீட்டினாள். அஜீஸ் இரண்டு விரலால் வழித்துக் கழுத்தில் தாராளமாகப் பூசிக்கொண்டார்.

"வாசம் தூக்குது தங்கச்சி. எங்க, கட்டையக் காட்டுங்க."

சோ பா லே கொண்டுவந்து கொடுத்தான். அஜீஸ் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முத்திரை எங்க?"

கனகாம்பாள் உரைகல்லைத் திரும்பிப் பார்த்தாள். வீடு தேடி வந்தவருக்குச் சந்தனம் கொடுக்காமல் இருக்க முடியுமா? வேறு கட்டையும் இல்லை. தட்டையாக அறுத்த முனைதான் கல்லில் வாகாக நின்றது. முத்திரையும் அந்த முனையில்தான் இருந்திருக்கிறது. உரைக்கிற அவசரத்தில் அவள் பார்க்கவே இல்லை.

"உங்க கழுத்துல இருக்கு பாய்," என்றாள்.

4

முதல் முடிவு: அஜீஸ் கோபத்தோடு எழுந்து, கட்டையைத் தூக்கி

(பேனா நகரவில்லை.)

இரண்டாவது: அங்கேயே லைசென்ஸ் கொடுத்துவிடுகிறார். அவருக்கு ஏது அந்த அதிகாரம்? மேலே வனத்துரை இருக்கிறாரே.

நடந்தது இதுதான். அஜீஸ் பெஞ்சு ஆட ஆடச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"முத்திரையில்லாத கட்டையக் கொண்டு போனா, துரை திருட்டுக் கட்டைம்பாரே."

சோ பா லே தலையைக் குனிந்துகொண்டான். கனகாம்பாள் இடையில் வந்து நின்றாள். "தப்பு என்னோடது பாய். இவர் பேர்ல ஒண்ணும் எழுதிப்புடாதீங்க," என்று சொல்லி, கழுத்தைக் கழுவிக்கொள்ளச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அஜீஸ் செம்பை வாங்கி மடக்மடக்கென்று குடித்தார்.

"கழுவிட்டா அப்புறம் சாட்சிக்கு என்னம்மா இருக்கு? முத்திரை குத்துனதே நான்தான். துரை கேட்டா கழுத்த நீட்டுறேன்."

5

கட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் போய்விட்டார். எனக்கு இதற்கு மேல் போக வழியில்லை. துரையை நான் எழுதவே இல்லை; ஒரு மேஜை, ஒரு நாற்காலி, மைக்கூடு, அவ்வளவுதான் போட்டு வைத்திருக்கிறேன். வாருங்கள், துரையின் நாற்காலியில் நீங்களே உட்காருங்கள்.

பசுந்தாங்கில் கனகாம்பாள் உரைகல்லைக் கழுவாமல் அப்படியே வைத்திருக்கிறாள். இங்கே கதவு திறக்கிறது. அஜீஸுக்கு முன்னால் வாசம் உள்ளே வந்துவிட்டது. பேனா உங்கள் கையில் இருக்கிறது.