ஓட்ரிக்குப் போர்த்திய விரிப்பு

விமலராணிக்கு வாயைவிடக் கை முந்தும். அந்தக் கைதான் அன்றைக்கு அவளுடைய பிழைப்புக்கு உலை வைக்கப் பார்த்தது.

இத்தாலியின் பலெர்மோவில், கியாரா சின்யோரா என்ற வீட்டுக்கார அம்மாவின் பழைய மாளிகையில் அவள் பதினோரு வருஷமாக வீட்டுவேலை செய்கிறாள். அந்த மாளிகையை ஒரு பிரெஞ்சுப் படக்குழு வாடகைக்கு எடுத்திருந்தது. படமாக்குவது ஒரு காலத்தில் பாதிரிமார் தொடவே விடாத நாவலாம். பிரபுவின் இளம் மனைவி வேறொருவனை விரும்பிப் பேர் கெட்டுப்போகிற கதை. படத்தில் வேலைக்காரியாக நிற்கவேண்டியவள் வராததால், இயக்குநர் தொமா விமலராணிக்கு ஏப்ரன் கட்டி, மடித்த கட்டில் விரிப்பொன்றைக் கையில் கொடுத்துத் தலைகுனிந்து நிற்கச் சொன்னார்.

சின்யோரா அவளைத் தனியே கூப்பிட்டாள். "அசையாதே. உன்னால் ஏதும் கெட்டால் நாளைக்கு வராதே."

அடுத்த மாதம் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கவேண்டும். வேலை போனால் இத்தாலியில் தங்கியிருக்கிற அந்த அனுமதியும் போய்விடும்.

மாளிகை வாசலில் காவலுக்கிருந்த கணவன் அகஸ்ரினும் விடவில்லை. "இஞ்சேர், கல்லுமாதிரி நில். உன்ரை இரக்கத்தை வீட்டிலை வந்து காட்டு."

"ஓம், ஓம். நான் என்ன சின்னப்பிள்ளையே?"

கமரா ஓடியது. பிரபு தன் மனைவியை மெல்லிய உள்ளுடுப்போடு இழுத்துவந்து முற்றத்தில் தள்ளினான். பெப்ரவரிக் குளிரில் நடிகை ஓட்ரி கல்தரையில் விழுந்தாள். நடுக்கம் நடிப்பில்லை. சுற்றி நின்ற இருபது பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தமிழ்க் கோயிலில் தவக்காலம்தோறும் நடக்கிற திருப்பாடுகளின் நாடகத்தில், சிலுவையோடு விழுகிறவரின் முகம் துடைக்கக் கூட்டத்தை விலக்கி வருகிற பெண் விமலராணிதான். ஒன்பது வருஷப் பழக்கம். கையில் துணி, முன்னால் ஒரு விழுந்த ஆள், சுற்றிவரச் சனம். அவளுடைய கால் அவளைக் கேட்கவில்லை. ஓடிப்போய் விரிப்பை உதறிப் போர்த்து, முகத்தையும் துடைத்து, "எழும்பு பிள்ளை" என்றாள்.

பிறகுதான் கமரா நினைவுக்கு வந்தது.

"வெளியே போ!" என்றாள் சின்யோரா. விமலராணி ஏப்ரன் முடிச்சை அவிழ்த்தாள். வாசலில் அகஸ்ரின் தலையில் கைவைத்து, "விசரி, விசரி" என்றார்.

ஓட்ரி அவள் கையை எட்டிப் பிடித்தாள். "இவள் போனால் நானும் போகிறேன். ஒத்திகையோடு சேர்த்துக் காலையிலிருந்து ஏழு தரம் விழுந்துவிட்டேன். ஒருவருக்காவது எனக்குக் குளிரும் என்று தோன்றியதா?"

தொமா தாடியைச் சொறிந்தார். "நாவலில் ஒருவரும் வருவதில்லை," என்றார். "படத்தில் ஒருத்தி வரட்டும். இன்னொரு தரம் எடுப்போம்."

சின்யோரா நிலத்தில் கிடந்த விரிப்பை எடுத்தாள். பதினோரு வருஷத்தில் ஒரு கைக்குட்டை மடித்தறியாதவள், அதை எப்படியோ கோணல்மாணலாக மடித்து விமலராணியின் கையில் வைத்தாள். "நாளைக்குப் பெர்மெஸ்ஸோ பேப்பர்களைக் கொண்டு வா. கையெழுத்துப் போடுகிறேன்."

விமலராணிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. முன்பின் தெரியாத ஒரு பெட்டை அவளுக்காக ஒரு படத்தையே பணயம் வைத்திருக்கிறாள்.

கமரா மறுபடி ஓடியது. ஓட்ரி விழுந்தாள். விமலராணி ஓடிப்போய்ப் போர்த்தாள். இந்தமுறை எழும்பச் சொல்ல வாய் வரவில்லை. "நன்றி பிள்ளை, நன்றி," என்றாள். படத்திலும் அது அப்படியேதான் இருக்கிறது.